கூட்டுப் போராட்டம்: கேள்வி பதில்

(இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வருடம் தொழிற்சங்க வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். கேளுங்கள்.)

பொகவந்தலாவையிலிருந்து: எங்கள் தோட்டப் பிரிவில் (டிவிஷனில்) மூன்று சங்கங்கள். சம்பளத்துக்காக ஒன்றாக நின்றவர்கள் இரண்டே வாரத்தில் பிரிந்துவிட்டார்கள். ஏன்?

சந்தாவைப் பாருங்கள். எங்கள் காலத்தில் அது சம்பளத்திலேயே கழிந்தது. ஒருவர் சங்கம் மாறினால் ஒரு சந்தா போயிற்று. பிறகு ஒரே மேடையில் ஏறினாலும் ஓரக்கண் பார்வைதான். எங்கள் தோட்டத்தில் ஒருமுறை, ‘இரண்டு மாதத்துக்கு யாரும் ஆள் பிடிக்கக் கூடாது’ என்று ஒரு கொப்பியில் எழுதி எல்லாத் தலைவர்மாரிடமும் கையெழுத்து வாங்கினோம். பேச்சுவார்த்தைக்கு யார் போவது என்பதும் அதே பக்கத்தில். கொப்பி மாதர் சங்கத் தலைவி வீட்டு அரிசிப் பெட்டிக்குள் இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாராவது சந்தாப் படிவத்தை நீட்டினால் அந்த அக்கா கொப்பியோடு வந்து நிற்பார். இரண்டு மாதம் தாங்கியது.

மஸ்கெலியாவிலிருந்து: என் சேமலாப நிதிக் கணக்கில் பிழை இருக்கிறது.

தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.

ஹட்டனிலிருந்து: 2018 ஒக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடையில் கூடிய மலையக இளைஞர்களுக்குச் சங்கமே இல்லை. நாளுக்கு ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் என்ற அவர்களுடைய கோரிக்கை நாட்டுக்கே கேட்டது. சங்கங்கள் எதற்கு?

கேட்டது, உண்மை. முகநூல் வழியே கூடிய பிள்ளைகள், கோரியது ஒரே ஓர் எண். அதுதான் அவர்களுடைய பலம். ஆனால் மேசையில் உட்கார அவர்களுக்கு நாற்காலி இல்லை. 2019 ஜனவரியில் சங்கங்களும் கம்பனிகளும் கையெழுத்திட்ட கூட்டொப்பந்தத்தில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய்.

அதே ஹட்டன் நண்பர்: அப்படியானால் குறைத்துக் கையெழுத்திட்டவர்களைத்தானே குறை சொல்ல வேண்டும்?

சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். ஆயிரம் வந்தது 2021இல், அரசின் சம்பள நிர்ணய சபை வழியாக. கூட்டொப்பந்தம் வழியாக அல்ல. ஆனாலும் தெருவில் நின்றவர்களில் ஒருவரையாவது உள்ளே அனுப்பும்படி முன்கூட்டியே பேசி முடித்திருந்தால், 700க்குக் கையெழுத்திடும்போது அந்தக் கை கொஞ்சம் நடுங்கியிருக்கும். தெரு ஒரு பக்கம், மேசை ஒரு பக்கம் என்றால் இலாபம் தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கு.

பதுளையிலிருந்து: தேவாலயங்களையும் பொது அமைப்புகளையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, மலையகத் தமிழர் தோட்டங்களுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைத்து. நடைக்குப் புறப்படும் இடமும் முடியும் இடமும் தெரியும். வழியில் யாரும் சேரலாம். சந்தா கேட்பவரும் இல்லை.

தலவாக்கலையிலிருந்து: ஐயா, வட்ஸ்அப் குழு தொடங்கினால் ஒற்றுமை வருமா?

இன்று இதைக் கேட்கும் நான்காவது ஆள் நீங்கள். தொடங்குங்கள். பேச்சுவார்த்தைக்கு யார் போவது என்று முதலில் எழுதுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: பேச்சுவார்த்தைக்கு யார் போவது என்று எப்போது முடிவு செய்வது?

கொப்பி வாங்கிய அன்றைக்கே.