படகு பேட்டரி ஒரு வருடம்கூடத் தாங்கவில்லையே, ஏன்?

மலேசியாவின் பாகான் டத்தோவில் தோட்ட வேலை போக, லீவு நாளில் மட்டும் படகு எடுக்கும் அண்ணன் ஒருவரின் கேள்வி இது.

பெரும்பாலும் காரணம், பாதி சார்ஜில் அப்படியே போட்டுவைப்பதுதான். ஈய பேட்டரி அப்படிக் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் ஏறாது. கரைக்கு வந்ததும் முழுதாக ஏற்றிவிடுங்கள். சில மணி நேரம் கழித்து மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட்டாவது காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் தள்ளிப்போடாமல் மறுபடி ஏற்றுங்கள்.

மூடி திறக்கிற வகை என்றால், சார்ஜ் முடிந்த பிறகு பேட்டரி தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர்) விடுங்கள். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைசலில் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு வாஸ்லின் தடவுங்கள். கரைசல் உள்ளே இறங்கிவிடக் கூடாது.

புதிது வாங்குகிறீர்களா? எஞ்சினுக்கு ஸ்டார்ட்டிங் பேட்டரி, விளக்குக்கும் மீன் காட்டும் கருவிக்கும் டீப் சைக்கிள், அதாவது நெடுநேரம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் தரும் வகை. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசி.

ஒன்றை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்: கடல் நீர் பேட்டரிக்குள் போனால் நச்சான குளோரின் வாயு வரும். காற்றுப் போகும் மூடிபோட்ட பெட்டியில், தண்ணீர் தேங்காத உயரத்தில் வைத்து வாரால் இறுக்கிக் கட்டுங்கள்.