மாலையைக் கழற்றிய பிறகும் சூதாட்டத்திலிருந்து விலகியே இருப்பது எப்படி?

கேள்வி: வணக்கம் டாக்டர். நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வயது 36. சொந்தமாக ஒரு ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர் பார்க்கிறேன். மோட்டார் கொட்டகையில் சீட்டு என்று ஆரம்பித்தது. கொரோனா சமயத்தில் போனில் ரம்மி, அப்புறம் மூணு நம்பர் (கேரள லாட்டரியின் கடைசி மூன்று எண்ணுக்குப் பணம் கட்டுவது), கிரிக்கெட் பெட்டிங் என்று போய் ஆறரை லட்சம் வரை விட்டிருக்கிறேன். கார்த்திகை 1ஆம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன். இன்றோடு 40 நாள், ஒரு ரூபாய்கூட வைக்கவில்லை. தை பிறந்தால் மாலையைக் கழற்ற வேண்டும். அதே வாரம் சம்பா அறுப்பு. நெல்லுப் பணம் அக்கவுண்டில் ஏறினால் என் கை சும்மா இருக்காது. மனைவிக்குப் பாதிக் கடன்தான் தெரியும். இதற்கு மருந்து உண்டா? யாரிடம் போவது?

பதில்: சாமி, உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்தது அந்த 40 நாள் கணக்கைவிட, எந்த வாரத்தில் வழுக்கும் என்று நீங்களே சரியாகச் சொல்லியிருப்பதுதான். என் அறைக்கு வருகிறவர்களில் பலர் "இனிமே தொட மாட்டேன் டாக்டர், சத்தியம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். வழுக்கும் இடம் எது என்று கேட்டால் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கிறது. செய்ய வேண்டியதையெல்லாம் அதற்குள் செய்துவிட வேண்டும். மெஷின் வயலில் இறங்கிய பிறகு எதற்கும் நேரம் இருக்காது.

முதலில் இந்த 40 நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். விடியற்காலை எழுந்து குளித்தீர்கள். சாயங்காலம் பத்துப் பேரோடு உட்கார்ந்து சரணம் சொன்னீர்கள். ஊரே "சாமி" என்று கூப்பிட்டது. கறுப்பு வேட்டியோடு நிற்கிற உங்களிடம் வந்து "இன்னைக்கு என்ன நம்பர் போடலாம்" என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எதையாவது கேட்க வேண்டுமென்றால் குருசாமி இருந்தார். பக்தி உங்களுடையது, அதைப் பற்றிச் சொல்ல நான் யாருமில்லை. ஆனால் மருத்துவராகச் சொல்கிறேன்: ஒரு பழக்கத்தை விட்டவருக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் மாலை உங்களுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டது. நேரத்துக்கு ஒரு வேலை, கூட நாலு பேர், விஷயம் தெரிந்த ஒரு பெரியவர். மாலையைக் கழற்றும்போது இவை மூன்றும் ஒரே நாளில் கழன்றுவிடும். விரதம் முடிந்து திரும்பி வந்த வாரத்தில் பழைய இடத்துக்கே போனவர்களை ஒவ்வொரு தையிலும் பார்க்கிறேன். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று நான் நினைத்ததில்லை. சுற்றி இருந்த வேலி போய்விட்டது, அவ்வளவுதான். அதனால் மாலைக்குப் பிறகு இந்த மூன்றையும் வேறு வழியில் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால் பணம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல், ஆதாரோடு எந்த பாஸ்புக் நகலைக் கொடுக்கிறீர்களோ அந்தக் கணக்கில்தான் பணம் ஏறும். இப்போது உங்கள் போனில் யுபிஐயோடு இருக்கிற கணக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் புதிதாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ஏடிஎம் கார்டு வேண்டாம், மொபைல் பேங்கிங் வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். எஸ்எம்எஸ் போக மனைவியின் நம்பரைக் கொடுங்கள். வங்கியில் பதிவான நம்பரின் சிம் எந்த போனில் இருக்கிறதோ அதில்தான் யுபிஐ பதிவாகும், ஆகவே உங்கள் போனிலிருந்து அந்தப் பணத்தைத் தொட வழி இருக்காது. எடுக்க வேண்டுமானால் பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய், செல்லான் எழுதி, வரிசையில் நின்று எடுக்க வேண்டியிருக்கும். இன்னும் இறுக்கமாக வேண்டும் என்றால், இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக வைக்கலாம். கொள்முதலுக்கு அந்தக் கணக்கு ஏற்கப்படுமா என்று நிலையத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை அவமானமாக நினைக்க வேண்டாம். வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து அடைக்காமல் நீங்கள் வயலுக்குத் தண்ணீர் வைப்பதில்லை. பணமும் தண்ணீர் மாதிரிதான், வளையைத் தேடித்தான் போகும்.

பணம் வந்த மறுநாளே அது எங்கெங்கே போக வேண்டும் என்று இப்போதே எழுதிவையுங்கள். குத்தகை, மெஷின் வாடகை, உரக்கடை, நகைக்கடன். அடகில் இருக்கும் நகையை மீட்டால் அதை உங்கள் வீட்டு பீரோவில் வைக்காதீர்கள். மீட்ட நகை, மறுபடி அடகுக்குப் போகத் தயாராக இருக்கும் பணம். மனைவி தன் அம்மா வீட்டிலோ லாக்கரிலோ வைத்துக்கொள்ளட்டும். எங்கே என்று உங்களிடம் சொல்ல வேண்டாம்.

இன்னொரு இடத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறை வருவதற்காகக் காத்திருக்கிற இரவுகள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், சாக்கு வர வேண்டும், லாரி வர வேண்டும். தார்ப்பாய் போர்த்திய குவியல் பக்கத்தில் ஒரு பல்பு, கீழே விரித்த சாக்கு, நாலு பேர், ஒரு சீட்டுக்கட்டு. "தூக்கம் வராம இருக்கத்தான், சும்மா அஞ்சு ரூபா பாயிண்ட்டு." தைக்குப் பிறகு என்னிடம் திரும்பி வந்த ஒருவர் விழுந்தது அந்த அஞ்சு ரூபாயில்தான். ராத்திரிக் காவலுக்குத் தம்பியையோ மைத்துனனையோ அனுப்புங்கள். நீங்களே போக வேண்டியிருந்தால் விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏன் ஐந்து ரூபாய்கூடக் கூடாது என்கிறேன் தெரியுமா? இந்தப் பழக்கத்தின் வேர் பணத்தாசையில் மட்டும் இல்லை. எப்போது விழும் என்று தெரியாத பரிசுக்காகக் காத்திருக்கிற அந்தச் சில நொடிகள், மூளையில் சாராயம் செய்கிற வேலையைச் செய்கின்றன. அதனால்தான் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய் வகைப்பாட்டைத் திருத்தியபோது சூதாட்ட நோயை மது, போதைப் பழக்கங்கள் இருக்கிற பிரிவுக்கே மாற்றினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பட்டியலிலும் அது அடிமைப் பழக்கமாகத்தான் இருக்கிறது. தோற்பதுகூட இழுக்கும். மூணு நம்பரில் 478 போடுகிறீர்கள், 479 விழுகிறது. "நூலிழையில தப்பிடுச்சே" என்று மனம் துடிக்கும். ஆனால் 479க்கும் 012க்கும் கணக்கில் ஒரு வித்தியாசமும் கிடையாது, இரண்டுமே தோல்விதான். 1,000 எண்களில் ஒன்று விழுகிறது. நாளுக்கு ஒரு நம்பர் வீதம் 1,000 நாள் விடாமல் போட்டாலும், ஒரு தடவைகூட அடிக்காமலே போவதற்கு நூற்றுக்கு 37 பங்கு வாய்ப்பு இருக்கிறது. இரண்டே முக்கால் வருடம்! விட்டதைப் பிடிக்கலாம் என்று கிளம்புகிறவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம் தடை செய்தது. இப்போது டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் உங்களைத் தேடி வருகிற ஏஜென்ட்டுகள் சட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். அந்த எண்களை அழித்துவிட்டு குரூப்பிலிருந்து வெளியேறுங்கள். "உன் அக்கவுண்ட்டைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தர்றேன்" என்று யாராவது கேட்டால் ஒருபோதும் கொடுக்காதீர்கள். மோசடிப் பணம் அதில் ஓடினால் கணக்கு முடக்கப்படும், வழக்கு உங்கள் மேல் வரும்.

இனி, யாரிடம் போவது. இன்று ராத்திரியே வேண்டுமானால் 14416. டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். என்ன சொல்வது என்று தயங்காதீர்கள். "எனக்குச் சூதாட்டப் பழக்கம் இருக்கு, 40 நாளா நிறுத்தியிருக்கேன், திரும்பப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்று இவ்வளவு சொன்னால் போதும். மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

நேரில் என்றால் உங்களுக்குத் திருவாரூர் அல்லது தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கும்போது "மனநலப் பிரிவு" என்று சொல்லுங்கள். எவ்வளவு விட்டீர்கள் என்பதைவிட, தூக்கம் எப்படி, குடி உண்டா, செத்துவிடலாம் என்று தோன்றியதா என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது உங்கள் உரிமை.

மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூதாட்டத்தை மட்டும் நிறுத்துவதற்கென்று ஒப்புதல் பெற்ற மாத்திரை எதுவும் இல்லை. குடிப்பழக்கத்துக்குத் தருகிற நால்ட்ரெக்சோன் சிலருக்குத் தவிப்பைக் குறைக்கிறது, அதை டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். கூடவே மனச்சோர்வோ குடியோ இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுப்பது பெரிய உதவி. முக்கியமான மருத்துவம் பேச்சுதான். எந்த எண்ணம் வந்ததும் கை போனுக்குப் போகிறது என்று பிடித்து, அந்த இடத்தில் வேறு ஒன்றைச் செய்யப் பழக்குவது. ஒரே ஊசியில் மறக்கடிப்போம் என்பவர்களிடமும், பூட்டிவைத்துத் திருத்துவோம் என்பவர்களிடமும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

குழுவும் வேண்டும். 1957இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு, இந்தப் பழக்கத்தை விட்டவர்களே கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் முறை. அதன் கூட்டங்கள் இணையவழியிலும் நடக்கின்றன. நம் கிராமத்தில் அப்படி ஒன்று இல்லை என்று விட்டுவிட வேண்டாம். குருசாமியிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். மாலை கழற்றிய பிறகும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார வேண்டும் என்று கேளுங்கள். அவர் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை. "இந்த வாரம் எப்படி இருந்துச்சு" என்று கேட்கவும், பொய் சொன்னால் கண்டுபிடிக்கவும் ஒருவர் வேண்டும், அவ்வளவே.

மனைவியிடம் மீதிக் கடனைச் சொல்லத்தான் வேண்டும், தை பிறப்பதற்கு முன்பே. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுத் துரோகம். ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எது அடகில் என்று எல்லாவற்றையும் எழுதி, பிள்ளைகள் தூங்கிய பிறகு கையில் கொடுங்கள். அவர் அழுவார், கத்துவார், நாலு நாள் பேசாமல்கூட இருப்பார். அந்த நேரத்தில் நியாயம் பேசாதீர்கள். உறவுக்காரர் யாராவது மொத்தக் கடனையும் அடைத்துவிடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரே நாளில் பாரம் இறங்கினால் மறுபடி ஆடத் தைரியம் வந்துவிடும். கொடுப்பவர் நேரடியாகக் கடன்காரரிடம் ஒரு பகுதியைக் கட்டட்டும், மீதியை நீங்கள் மாதாமாதம் கட்டுங்கள். மிரட்டி அநியாய வட்டி வாங்குபவர் மேல் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீசில் புகார் கொடுக்கலாம். லோன் ஆப்காரர்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

பூச்சிமருந்து டப்பாவை வீட்டில் வைக்காதீர்கள். இப்போது உங்களுக்கு அப்படி எந்த எண்ணமும் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் கடன் வெளியே தெரிகிற வாரம் எல்லோருக்கும் கனமான வாரம். வேறு ஒருவர் பொறுப்பில் பூட்டிவையுங்கள். சாவு நினைப்பு வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், 14416க்குப் பேசுங்கள்.

தவிப்பு வரும்போது, அது பெரும்பாலும் 20 நிமிடம், அரைமணி நேரத்தில் ஏறி இறங்கிவிடும். கேரள லாட்டரி குலுக்கல் மதியம் 3 மணிக்கு என்பதால் உங்களுக்கு இரண்டு மணியிலிருந்தே உள்ளே குறுகுறுக்கும். அந்த நேரத்தில் டீக்கடைப் பக்கம் போகாதீர்கள். போனை வீட்டில் வைத்துவிட்டு வயலுக்கு நடங்கள், அல்லது அந்த நேரத்துக்கென்றே ஒரு வேலையை ஒதுக்கிவையுங்கள். அறுப்பு முடிந்து உளுந்தும் எடுத்த பிறகு, ஜூனில் மேட்டூர் திறக்கும் வரை நமக்கு வேலை குறைவு. ஐபிஎல்லும் அந்தக் கோடையில்தான், சாயங்காலம் ஏழரை மணிக்கு. அந்த மாதங்களுக்கு இப்போதே ஒரு கூலி வேலையோ டிரைவர் வேலையோ பேசிவையுங்கள், பகல் நிறைகிற மாதிரி.

ஒருவேளை ஒரு நாள் ஆடிவிட்டால், அன்று ராத்திரிதான் அபாயம். "போச்சு, இனிமே என்ன இருக்கு" என்ற நினைப்பில்தான் மிச்சப் பணமும் போகும். விட்ட தொகையைப் பிடிக்கப் போகாமல், அன்றைக்கே மனைவியிடமும் குருசாமியிடமும் சொல்லிவிடுங்கள். இந்த 40 நாளை யாரும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது, மறுநாள் காலையிலிருந்து எண்ணிக்கையைத் தொடருங்கள். மருத்துவமனைக்கு இந்த மார்கழியிலேயே ஒரு திங்கட்கிழமை போய்விடுங்கள். அந்தக் கடன் தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மனைவி வர ஒப்புக்கொண்டால் அவரையும் அழைத்துப் போங்கள்.