கணக்கு டீச்சர் பதில்கள்: பி.எட். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

கேள்வி: டீச்சர், எங்க ஊரு கேரளாவுல பாலக்காடு ஜில்லா, கொழிஞ்சாம்பாறை பக்கம். எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் தமிழ் மீடியம், பி.எஸ்.சி. மேத்ஸ் பொள்ளாச்சில முடிச்சேன், பாரதியார் யுனிவர்சிட்டி. ஹைஸ்கூல் கணக்கு டீச்சர் ஆகணும். அப்பா கோயமுத்தூர்ல பி.எட். சேருங்கறாரு, மாமா பாலக்காட்டுலயே சேருன்னு ஒத்தக்கால்ல நிக்கறாரு. எங்க அப்ளை பண்ணட்டும்? இல்ல எம்.எஸ்.சி. முடிச்சுட்டுப் போறதா?

பதில்: கண்ணு, அவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு இருக்கட்டும், நீ முதல்ல ஒண்ணு யோசி, சம்பளம் எந்த கவர்மென்ட் கிட்ட வாங்கப் போறே? அதை வெச்சுத்தான் பி.எட். எங்கங்கறதே. காலேஜ் பேரு, ஹாஸ்டல், பஸ் வசதி எல்லாம் அதுக்கப்புறம்.

நான் பட்டதைச் சொல்றேன். எங்க காலத்துல பி.எட். ஒரே வருஷம் (2015-ல இருந்துதான் ரெண்டு வருஷம்), கோயமுத்தூர்ல ஜாலியா முடிச்சுட்டு வந்து இங்க கேரளாவுல வேலைக்குப் போட்டா, உன் பி.எட். இங்கத்த பி.எட்.டுக்குச் சமம்னு ஒரு ஈக்விவலன்ஸி சர்ட்டிஃபிகேட் கொண்டுவான்னுட்டாங்க. ஒரு தடவ போனா சிலபஸ் காப்பி இல்லேங்கறாங்க, அடுத்த தடவ போனா சிலபஸ் இருக்கு அதுல சீல் இல்லேங்கறாங்க, இப்படியே பஸ் ஏறி ஏறி இறங்கினதுல அந்த நோட்டிஃபிகேஷனோட கடைசி தேதியே போயிடுச்சு.

உனக்கு தமிழ் மீடியம் எஸ்.எஸ்.எல்.சி. இருக்கே, அது இந்தப் பக்கம் தங்கம் மாதிரி. கேரளா பி.எஸ்.சி. (டிகிரி இல்ல, வேலைக்கு ஆள் எடுக்கற பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) தமிழ் மீடியம் கணக்கு டீச்சருக்குன்னே தனியா எச்.எஸ்.டி. (ஹைஸ்கூல் டீச்சர்) போஸ்ட் கூப்பிடும், நாங்கெல்லாம் இன்னும் பழைய பேர்ல எச்.எஸ்.ஏ.ன்னுதான் சொல்லுவோம், பாலக்காடும் இடுக்கியும்தான் அதுக்கு முக்கியமான ஜில்லா. அடிக்கடி வராது, வந்தா போட்டியும் கம்மி. அதனால இப்பவே அந்தக் கமிஷனோட துளசி போர்ட்டல்ல ஒன் டைம் ரிஜிஸ்ட்ரேஷன் போட்டு வெச்சுக்கோ. பி.எட். கூட கே-டெட் (கேரளா டீச்சர் தகுதித் தேர்வு) கேட்டகரி 3 பாஸாகணும், அதுதான் ஹைஸ்கூலுக்கு. 150 மார்க்குல பொதுப் பிரிவுக்கு 90 வேணும், அந்த 150-ல பாதிக்கு மேல, 80 மார்க்கு, உன் கணக்குலயே வரும்.

தமிழ்நாட்டுப் பக்கம் வேற மாதிரி. டெட் பேப்பர் 2 பாஸ் பண்ணினா வேலை கிடைச்சுடும்னு இன்னும் நிறைய பேரு நெனச்சுட்டு இருக்காங்க, கிடையாது, 2018-ல வந்த ஜி.ஓ. (அரசாணை) 149-க்கு அப்புறம் பி.டி. அசிஸ்டென்ட்டுக்கு (பட்டதாரி ஆசிரியர்) டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தனியா ஒரு போட்டித் தேர்வு வைக்குது. அதை விட நம்மூர்க்காரங்க கோட்டை விடற விஷயம் ஜாதி சர்ட்டிஃபிகேட். கேரளத்துல வாங்கினது அங்க ரிசர்வேஷனுக்கு எடுபடாது, அந்த ஜாதி ரெண்டு லிஸ்ட்லயும் இருந்தாலும் சரி, நீ ஓ.சி.யிலதான் நிப்பே. உங்கப்பாவுக்கு இதைக் காட்டு.

ஆக, என் ஓட்டு உங்க மாமாவுக்குத்தான். பாலக்காட்டு பி.எட். காலேஜ் எல்லாம் காலிக்கட் யுனிவர்சிட்டி அலாட்மென்ட், என்ட்ரன்ஸ் கிடையாது, டிகிரி மார்க்குலதான் ரேங்க். ஆனா உன் பி.எஸ்.சி. வெளி ஸ்டேட்டாச்சே, அது இங்க செல்லும்ங்கற பேப்பரை அப்ளிகேஷன் திறக்கறதுக்கு முன்னாடியே வாங்கி வை. இன்னொண்ணு, சர்ட்டிஃபிகேட்ல உன் பேரைப் பாரு. இங்க இனிஷியல் பேருக்குப் பின்னாடி, அங்க முன்னாடி, எஸ்.எஸ்.எல்.சி. புக்குல ஒரு மாதிரியும் டிகிரில இன்னொரு மாதிரியும் இருந்தா வெரிஃபிகேஷன்ல நிறுத்தி வெச்சுடுவாங்க. என்கிட்ட படிச்ச ரெண்டு பொண்ணுங்க இதுல மாட்டுச்சு.

எம்.எஸ்.சி. அப்புறம் பண்ணிக்கலாம், ஹைஸ்கூலுக்கு பி.எஸ்.சி., பி.எட். போதும். பிளஸ் டூக்கு எடுக்கணும்னா எம்.எஸ்.சி. வேணும், இங்க செட் எக்ஸாமும் (பிளஸ் டூ டீச்சருக்கான தகுதித் தேர்வு) எழுதணும். எய்டட் ஸ்கூல்ல டொனேஷன் எவ்வளவுன்னு நீ கேக்கல, நானும் சொல்லல.

கேள்வி: இடுக்கி ஜில்லா மறையூர்ல இருந்து எழுதறேன் டீச்சர். பி.எட். சேர்ந்தா கணக்கு திரும்ப சொல்லித் தருவாங்களா? மார்க் இருக்கு, ஆனா பேஸிக் வீக்.

பதில்: தர மாட்டாங்க சாமி. சைக்காலஜி, லெஸன் பிளான், சார்ட் எழுதறது, 16 வாரம் ஸ்கூல் இன்டர்ன்ஷிப், இதுலயே நாள் போயிடும். பேஸிக்கை நீதான் சரி பண்ணிக்கணும். எஸ்.சி.இ.ஆர்.டி. (இங்க ஸ்கூல் பாடப்புக்கு போடறவங்க) தமிழ் மீடியம் புக்கு எட்டு, ஒன்பது, பத்து மூணையும் எடுத்து ஒரு கணக்கு விடாம போடு. வெறும் விடை வந்தா பத்தாது, ஏன்னு ஒரு பையன் கேட்டா நிக்கணும். மைனஸ் இன்டு மைனஸ் ஏன் பிளஸ்? ரூல்னு சொன்னா பையன் வாயை மூடிக்குவான், அவ்வளவுதான். போர்டுல எழுது: மைனஸ் ஒண்ணை மூணால பெருக்கினா மைனஸ் மூணு, ரெண்டால மைனஸ் ரெண்டு, ஒண்ணால மைனஸ் ஒண்ணு, சைபரால சைபர். ஒவ்வொரு படிக்கும் ஒண்ணு ஒண்ணா ஏறுது பாத்தியா, அடுத்த படி மைனஸ் ஒண்ணால பெருக்கறது, என்ன வரும்னு கேளு. கிளாஸே கத்தும் "ஒண்ணு"ன்னு. நான் முதல் வருஷம் இதை ரூல்னு சொல்லித்தான் ஓட்டினேன், இப்ப நெனச்சாலும் கூச்சமா இருக்கு.

கேள்வி: நகரி பக்கம் டீச்சர், பி.இ. 61 பர்சென்ட். ஆந்திராவுல கணக்கு டீச்சர் ஆக முடியுமா?

பதில்: பி.எட். சேர பி.இ.க்கு என்.சி.டி.இ. (டீச்சர் படிப்புக்கு ரூல் போடற மத்திய கவுன்சில்) கேக்கறது 55 பர்சென்ட், அதனால பயப்படாதே. ஏ.பி. எட்செட்ல (ஆந்திரா பி.எட். என்ட்ரன்ஸ்) மேத்ஸ் மெதடாலஜி எடுத்து எழுது, அப்புறம் டெட் பேப்பர் 2ஏ, அப்புறம் டி.எஸ்.சி.ல (அங்க டீச்சர் வேலைக்கு ஆள் எடுக்கற தேர்வு) ஸ்கூல் அசிஸ்டென்ட், அதாவது ஹைஸ்கூல் டீச்சர் போஸ்ட். அங்க டெட் மார்க்குக்கு டி.எஸ்.சி. ரேங்க்குல 20 பர்சென்ட் வெயிட்டேஜ் உண்டு, அதனால பாஸ் ஆனதோட விடாம மார்க் ஏத்த மறுபடி எழுதறவங்க நிறைய, நீயும் எழுது.