பழைய ஐ3 லப்டொப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லையா?

லப்டொப் இழுத்து இழுத்து ஓடுகிறது, விண்டோஸ் 11-உம் ஏறவில்லை, திருமலை டவுன் கடையில் புதிது எடுக்கச் சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அதற்காகப் புது லப்டொப் எடுக்க வேண்டாம். மகளின் ஸூம் வகுப்பும் கடிதம் அடிப்பதும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். இலவசம்.

உங்களுடையது இன்டெலின் ஐந்தாம் தலைமுறை ஐ3 சிப். விண்டோஸ் 11 இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

இழுத்து இழுத்து ஓடுவதற்குக் காரணம் அநேகமாகப் பழைய ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100% காட்டினால், முதலில் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) மாற்றுங்கள்.

அப்புறம் மின்டை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் ஒரு பக்கம் அடிக்கிறதா பாருங்கள்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். எழுத்துருவையும் கொப்பி எடுத்து வையுங்கள். போட்டோஷொப் வேலை இருந்தால் மட்டும் விண்டோஸை விடாதீர்கள்.