கம்பைல் ஆகிறது, ஓட மறுக்கிறது

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு இணையும் ஜாவா புரோகிராம் எழுதியிருக்கிறேன். கம்பைல் செய்யும்போது ஒரு பிழையும் இல்லை. ஓடவிட்டால் ‘நோ சூட்டபிள் டிரைவர் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடுகிறது. கனெக்டர் ஜார் ஃபைலையும் (மைஎஸ்க்யூஎல் டிரைவர் அடங்கிய தொகுப்பு) அதே ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறேன். எங்கே தவறு?

பதில்: அதே ஃபோல்டரில் இருந்தால் போதும் என்று நினைத்ததில்தான். ஃபோல்டரில் கிடக்கும் கிளாஸ் ஃபைல்களை ஜாவா தானாக எடுத்துக்கொள்ளும். ஜார் ஃபைலை மட்டும், கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) பெயர் சொல்லிக் கொடுத்தால் ஒழிய, திரும்பிக்கூடப் பார்க்காது. கம்பைல் ஆனதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கனெக்‌ஷன், டிரைவர்மேனேஜர் இரண்டும் ஜாவாவோடு வருபவை. கம்பைலருக்கு அவை போதும். மைஎஸ்க்யூஎல் டிரைவர் தேவைப்படுவது ஓடும்போதுதான்.

ஓடவிடும் கட்டளையில் -சிபி (-cp, கிளாஸ்பாத்தின் சுருக்கம்) போட்டு, முதலில் ஒரு புள்ளி, அடுத்து பிரிப்புக் குறி, பிறகு ஜார் ஃபைலின் முழுப்பெயர், இடைவெளி விட்டு உங்கள் மெயின் கிளாஸ் என்று எழுதுங்கள். பிரிப்புக் குறி விண்டோஸில் அரைப்புள்ளி (;), லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி (:). லினக்ஸில் அரைப்புள்ளி போட்டால் ஷெல் கட்டளையை அங்கேயே இரண்டாக வெட்டிவிடும். அந்தப் புள்ளி நடப்பு ஃபோல்டரைக் குறிக்கிறது. அதை விட்டுவிட்டால் உங்கள் சொந்த கிளாஸே கிடைக்காது. இன்னொன்று: புரோகிராமையே ஒரு ஜாராகக் கட்டி, -ஜார் (-jar) கொடுத்து ஓட்டினால் -சிபி செல்லுபடியாகாது. அப்போது அந்த ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் (விவரக் குறிப்பு) ஃபைலில் ‘கிளாஸ்-பாத்’ வரியில்தான் கனெக்டர் ஜார் பெயரைச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே பிழை வந்தால், பிழைச் செய்தியின் கடைசியில் அச்சாகும் டேட்டாபேஸ் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஜேடிபிசி, முக்காற்புள்ளி, மைஎஸ்க்யூஎல், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு (jdbc:mysql://) என்று தொடங்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் டிரைவர் ‘இது என்னுடையதல்ல’ என்று ஒதுங்கிவிடும். அமைப்புகளை எழுதிவைக்கும் பிராபர்ட்டீஸ் ஃபைலில் முகவரியை மேற்கோள் குறிக்குள் எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. அந்தக் குறியும் முகவரியோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: டிரைவரை ஏற்றுவதற்காக எழுதும் ‘கிளாஸ்.ஃபார்நேம்’ வரி இன்னும் தேவையா?

பதில்: தனியாக ஓடும் புரோகிராமுக்குத் தேவையில்லை. ஜாவா 6-உடன் வந்த ஜேடிபிசி (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் முறை) 4.0 முதல் கிளாஸ்பாத்தில் உள்ள டிரைவரை ஜாவாவே தேடிப் பதிவு செய்துகொள்ளும். ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் டாம்கேட் சர்வரில் நிலைமை வேறு. அங்கே இந்தத் தேடல் சர்வர் தொடங்கும்போது ஒருமுறைதான் நடக்கிறது. வெப் அப்ளிகேஷனின் லிப் ஃபோல்டரில் உள்ள டிரைவர் அதில் சிக்காது. அதனால் அங்கே அந்த வரியை நீக்காதீர்கள். அந்த வரியில் எழுதிய டிரைவர் கிளாஸ் பெயரில் ‘சிஜே’ (cj) இருந்தும் ‘கிளாஸ் நாட் ஃபவுண்ட்’ வந்தால், கனெக்டர் ஜார் பழைய 5.1 பதிப்பா என்று பாருங்கள். அந்தப் பெயர் அதில் கிடையாது.