அப்பாவின் தங்க மணிக்கூட்டை மகன் விற்றால் அது யாருக்கு?

கேள்வி: பழைய பொக்கெட் மணிக்கூடுகள் சேகரிக்கிறேன். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் ஒருவர், காலமான தன் அப்பாவின் தங்க மணிக்கூட்டை எனக்கு நாலு இலட்சம் ரூபாவுக்கு விற்றார். லண்டன் ஜே. டபிள்யூ. பென்சன் செய்தது. பணத்தை அவருடைய வங்கிக் கணக்கில் போட்டேன். வேறு எழுத்து இல்லை. இப்போது அவருடைய அக்கா, "அது எங்கள் எல்லாருக்கும் உரிய பொருள், தராவிட்டால் பொலிஸுக்குப் போவேன்" என்கிறார். தாயும் ஒரு தம்பியும் இருக்கிறார்கள். தகப்பன் மரண சாசனம் எழுதவில்லை. என்ன செய்யலாம்?
– கல்லடி வாசகர்

பதில்: மணிக்கூடு முழுவதும் உங்களுடையது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது.

இப்படியான விஷயங்களில் நம் ஆட்கள் உடனே தேசவழமையைப் பேசுவார்கள். அது வடமாகாணத் தமிழருக்கான சட்டம். மட்டக்களப்பில் முன்பு முக்குவர் சட்டம் என்ற வழமைச் சட்டம் இருந்தது. அதன் இடத்துக்கு 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி பாதி தாய்க்கு, மீதிப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக. அப்படியென்றால் உங்களுக்கு விற்றவரின் பங்கு ஆறில் ஒன்றுதான். தன்னிடம் உள்ள உரிமைக்கு மேல் ஒருவர் விற்க முடியாது. நீங்கள் நம்பி, முழு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அதுதான் நிலை.

பொலிஸுக்குப் பயப்பட வேண்டாம். திருட்டு என்றால் நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும். மறைக்காமல் வங்கியில் பணம் போட்ட சீட்டு உங்களைக் காப்பாற்றும், அதைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அக்காவின் ஆட்சேபனை தெரிந்த பிறகு மணிக்கூட்டை இன்னொருவருக்கு விற்றுவிடாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே "இது உனக்கு" என்று இந்த மகனின் கையில் கொடுத்து, அவரும் ஏற்றிருந்தால், அசையும் பொருளுக்கு உறுதி எழுதத் தேவையில்லை. அப்போது விற்பனை முழுவதும் செல்லும். அதைப் பார்த்திருக்கக் கூடியவர் யார்? தாய். பாதிப் பங்குக்காரியும் அவர்தான். சரி, முதலில் அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். சட்டம் பேசாமல், நடந்ததை ஆறுதலாகக் கேளுங்கள். கையில் கொடுத்தது உண்மை என்றால் அதை எழுதி ஒப்பமிடச் சொல்லுங்கள். இல்லையென்றால், விற்றவர் பணத்தை உரியபடி பங்கிட, நால்வரும் சம்மதக் கடிதம் தரட்டும். அதற்கும் இணங்காவிட்டால் மணிக்கூட்டைத் திருப்பிக் கொடுத்து, விற்றவரிடம் பணத்தைக் கேட்கலாம். விற்க உரிமை இருக்கிறது என்பது விற்பவர் சொல்லாமலே கொடுக்கும் உறுதிமொழி. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

கடிதத்தில் வெறுமனே "ஒரு தங்க மணிக்கூடு" என்று எழுதவேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் பின்மூடியின் உட்பக்கம் 18 காரட் தங்கம் என்பதற்கான கிரீடமும் 18உம், லண்டன் முத்திரையான சிறுத்தைத் தலையும், ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் தெரிகின்றன. கூட்டின் இலக்கம், உள்ளே இயந்திரத்தின் இலக்கம் இரண்டையும் எழுதுங்கள். இது அதே மணிக்கூடுதான் என்று நாளைக்கு நிறுவ அவைதான் உதவும். பளபளப்பாக்க என்று தேய்க்கவே கூடாது, முத்திரை அழிந்துவிடும்.

தட்டாரிடம் கொடுத்து உருக்கிப் பவுணாகப் பிரிப்போம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். கூடு போனால் இயந்திரம் அநாதை. இத்தனை தலைமுறை ஓடிய கைவேலை ஒரு கட்டித் தங்கமாகிவிடும்.

பேச்சு சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை, அப்புறம்தான் மாவட்ட நீதிமன்றம். அதுவரை வங்கிப் பெட்டகத்தில் வைத்து, அதை எழுத்தில் அக்காவுக்கும் தெரிவித்துவிடுங்கள்.