நெல் விலை கூடினால் குத்தகையும் கூட வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் 4 ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சம்பா ஒரு போகம் செய்கிறேன். 2025-26 பருவத்துக்கு அரசு நெல் விலையை ஏற்றிவிட்டதாம். அதனால் ஏக்கருக்கு 3,000 ரூபாய் கூடுதல் குத்தகை கேட்கிறார் நிலத்துக்காரர். கொடுக்கலாமா?

பதில்: அந்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதா ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டால் (100 கிலோ) 2,405 ரூபாயாக இருந்தது, 2025-26 பருவத்துக்கு 2,500 ஆனது. சன்ன ரகத்துக்கும் அதே 95 ரூபாய்தான் ஏற்றம். 40 கிலோ மூட்டைக்கு 38 ரூபாய். ஏக்கருக்கு 50 மூட்டை கண்டால் கூடுதல் வரவு 1,900 ரூபாய். அறுவடை இயந்திர வாடகையும் ஆள்கூலியும் ஏறியதைக் கழித்தால் இன்னும் குறையும். அவர் கேட்பதோ 3,000!

ஆனால் அவர் கேட்பதில் வியப்பில்லை. விலை நிச்சயம் என்றானதும் நெல் போட எல்லோரும் நிலம் தேடுவார்கள், குத்தகை ஏறும். அமெரிக்காவிலும் பண்ணை மானியத்தில் ஒரு பங்கு குத்தகை வழியாக நிலத்துக்காரருக்கே போகிறது என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குத்தகையை நெல்லாக அளப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. அந்த மூட்டையிலேயே விலையேற்றம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அரசு உறுதி சொல்வது விலைக்குத்தான், விளைச்சலுக்கு இல்லை. அந்த விலையும் நெல் கொள்முதல் நிலையத்தில் ஏறினால்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல். 2025 அக்டோபர் மழையில் டெல்டாவில் கொள்முதலுக்குக் காத்திருந்த நெல் நனைந்து முளைவிட்டதைப் பார்த்தோம். அவசரத்துக்கு வியாபாரியிடம் குறைத்துத் தள்ளினால் அந்த 38 ரூபாயும் கைக்கு வராது. ரொக்கக் குத்தகையில் இந்த நட்டமெல்லாம் உங்கள் தலையில்தான், நிலத்துக்காரருக்கு ஒரு ரூபாய் குறையாது. ஆகவே கூடுதல் வரவில் பாதி, அதாவது ஏக்கருக்கு 950 ரூபாய் வரை பேசலாம். அதற்கு மேல் கேட்டால், விளைச்சல் விழுந்த ஆண்டில் குத்தகையைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

அப்புறம், கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி அடங்கலை, அதாவது அந்த நிலத்தில் பயிர் செய்வது நீங்கள்தான் என்ற சான்றை, உங்கள் பெயரில் வாங்கிவிடுங்கள். கொள்முதல் பதிவு நிலத்துக்காரர் பெயரில் நடந்தால் நெல் பணமும் அவர் வங்கிக் கணக்குக்கே போகும். பயிர்க் காப்பீட்டுக்கும் அதே அடங்கல்தான் வேண்டும். சம்பாவுக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், கடைசி நாள் வரை காத்திருக்காமல் கட்டிவிடுங்கள்.